மூன்று வரிசை தள்ளி

"இறங்கு ஆர்டிஸ், போய் அந்த இடத்துல நில்லு" என்று அவள் கணவன் வெர்லின் சொன்னபோது மணி பதினொன்றே கால். அதற்குள்ளேயே ஆர்டிஸுக்குக் கோபம் கழுத்து வரை வந்திருந்தது.

காலையிலிருந்து ஏறிக்கொண்டிருந்த கோபம் அது. அந்த மலைப் பூங்காவுக்குள் கோடையில் வண்டி நுழைய முன்பதிவுச் சீட்டு வேண்டும். ஜூலை மாதத்துச் சீட்டுகளை மே முதல் தேதி காலை எட்டு மணிக்குக் கணினியில் திறப்பார்கள். எட்டேகாலுக்கெல்லாம் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. ஆர்டிஸ் அன்றைக்குப் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஏழரைக்கே கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நுழையும்படி ஒரு சீட்டைப் பிடித்து, அதைத் தாளில் அச்செடுத்து, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். இரண்டரை மாதம் அது அங்கேயே இருந்தது.

நெப்ராஸ்காவில் அவர்கள் வீட்டிலிருந்து இந்த மலை நானூற்றைம்பது மைல். ஒரே நாளில் வந்துவிடக்கூடிய தூரம். ஆனால் கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு கோடையில்கூட வெர்லின் வண்டியை இந்தப் பக்கம் திருப்பியதில்லை. விவசாய இயந்திர உதிரி பாகக் கடையில் அவனுக்கு வேலை. கோதுமை அறுவடை நேரத்தில் நகர முடியாது என்பான். அறுவடை முடிந்தால் அண்ணனோடு மீன் பிடிக்கப் போவான். அதுவும் இல்லாத வருஷங்களில், "அங்க ஒரே கூட்டம், ஆர்டிஸ், மனுஷன் போவானா" என்பான். இந்த வருஷம் அவன் ஓய்வு பெற்றுவிட்டான். அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. சொல்வதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லாமல்தான் வந்தான்.

அடிவாரத்து ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து பூங்கா வாசலுக்கு நாற்பது நிமிஷம். காலையில் வெர்லின் முதலில் நாலு டயருக்கும் காற்று பார்த்தான். பிறகு கண்ணாடி துடைத்தான். பிறகு அப்பம் சாப்பிட ஓர் உணவகத்துக்குப் போனார்கள். பக்கத்து மேசையில் விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். அறுவடை இயந்திரத்தின் பெல்ட் ஏன் அறுந்துபோகிறது என்று இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஆர்டிஸ் கைக்கடிகாரத்தை மூன்றாவது தடவை பார்த்தபோது வெர்லின் அதைக் கவனித்துவிட்டான்.

"மலை என்ன ஓடியா போயிடப் போகுது" என்றான். தொப்பிக்காரன் சிரித்தான்.

பூங்கா வாசலை எட்டியபோது பத்து ஐம்பத்திரண்டு. காவல் சாவடியில் இருந்த இளம்பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "எட்டு நிமிஷம் மிச்சம் வெச்சிருக்கீங்க மேடம்" என்றாள். "ஏரிக்கரைப் பார்க்கிங் நிரம்பிடுச்சு சார். கீழ பெரிய பார்க்கிங்ல வண்டிய விட்டுட்டு பஸ்ல போயிடுங்க. பஸ் இலவசம்."

வெர்லின் கண்ணாடியை ஏற்றினான். "பாத்தியா, நேரத்துக்கு வந்துட்டோம்ல. நீ வேற பதறிட்டே இருந்த."

"பஸ்ல போகச் சொல்றாங்க."

"நானூத்தம்பது மைல் வண்டி ஓட்டிட்டு வந்தது பஸ்ல ஏறுறதுக்கா?"

ஏரிக்கரைப் பார்க்கிங்கில் ஆறு சுற்று சுற்றினான். அங்கே ஒருவழிப் பாதை. ஒரு வரிசையைத் தாண்டிவிட்டால் முழுக்கச் சுற்றித்தான் மறுபடி வரமுடியும். ஏழாவது சுற்றில், அவர்கள் தாண்டிவந்த வரிசையில் ஒரு வண்டி பின்னால் எடுப்பது ஆர்டிஸின் பக்கத்துக் கண்ணாடியில் தெரிந்தது. அப்போதுதான் அவளை இறங்கச் சொன்னான்.

"நான் எப்படி வெர்லின் இடம் புடிக்கிறது?"

"சும்மா நின்னா போதும். ஒரு நிமிஷம். சுத்திட்டு வந்துடறேன்."

அவள் இறங்கி ஓடினாள். அறுபத்தொரு வயதில் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய ஒரு முகாம் வண்டிக்கும் ஒரு சிவப்புக் காருக்கும் நடுவே, தரையில் எண்ணெய்க் கறை படிந்திருந்த இடத்தில் போய் நின்றாள்.

முதலில் வந்த காரில் இரண்டு கல்லூரிப் பெண்கள். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து ஒரு கறுப்புப் பெரிய டிரக் வந்தது. ஓட்டியவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், ஜன்னலை இறக்கினான்.

"தள்ளுங்க மேடம்."

"என் வீட்டுக்காரர் வந்துட்டே இருக்கார்."

"எங்க வந்துட்டிருக்கார்?"

"சுத்திட்டு வரார்."

"அப்ப அவர் வந்து புடிச்சுக்கட்டும். இது வண்டி நிக்கிற இடம். உங்களுக்கு எங்க இருக்கு சக்கரம்?"

அவன் பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். டிரக் மெதுவாக நகர்ந்து உள்ளே வந்தது. இஞ்சின் சூடு ஆர்டிஸின் முழங்காலில் அடித்தது. இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. அவள் நகரவில்லை.

"இடிக்கணும்னா இடிங்க" என்றாள்.

பின்னாலிருந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் பின்னால் எடுத்துக்கொண்டே தலையை வெளியே நீட்டினான். "உன் புருஷன் உன்னை ரோட்டுல வைக்கிற கூம்பு மாதிரி நட்டு வெச்சுட்டுப் போயிட்டான், தெரியுதா?"

ஆர்டிஸுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லாததால் இன்னும் எரிந்தது.

பத்து நிமிஷமாயிற்று. வெர்லின் வரவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அந்த உயரத்தில் சிக்னல் இல்லை.

மூன்றாவதாக ஒரு பழைய பச்சைக் கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவளுக்கு ஆர்டிஸின் வயதுதான் இருக்கும். அவள் ஹாரன் அடிக்காமல் இறங்கி நடந்து வந்தாள். காருக்குள் பக்கத்து இருக்கையில் ஒருவர், ஜூலை மாத வெயிலில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குல்லாவுக்குக் கீழே முகம் மெலிந்து மஞ்சளாக இருந்தது. புருவத்தில் முடி இல்லை.

"நீங்க கிளம்புறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. என் வீட்டுக்காரருக்காக இடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

"சரிங்க. கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்." அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். "இவருக்கு இன்னிக்கு ஒரு இருநூறு அடி நடக்கத் தெம்பு இருக்கு. இங்கேருந்து ஏரி அவ்வளவுதான். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயில்ல நிக்கணும்னாங்க. அது இவரால ஆகாது."

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். எடுத்துக்கோங்க என்று சொல்லத்தான் திறந்தாள். வந்தது வேறு.

"அவர் இப்ப வந்துடுவார்" என்றாள்.

"பரவால்லங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் திரும்பிப் போனாள். கார் நகர்ந்தபோது உள்ளேயிருந்த மனிதர், எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஆர்டிஸைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார்.

இன்னும் கால் மணி நேரம் நின்றாள். கோபத்துக்கு நடுவே இப்போது பயமும் வந்துவிட்டது. வெர்லினுக்கு ரத்த அழுத்தம் உண்டு. இவ்வளவு உயரத்தில் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் இடத்தை விட்டுவிட்டு நடந்தாள். அவள் முதுகு திரும்பியதும் ஒரு வெள்ளைக் கார் உள்ளே நுழைந்தது.

ஒரு வரிசை தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவது வரிசையின் கடைசியில், பைன் மர நிழலில், அவர்களுடைய சாம்பல் நிற வண்டி நின்றிருந்தது. பின்கதவு மேலே தூக்கியிருந்தது. மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்து, முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் வெர்லின். காலடியில் ஐஸ் பெட்டி. பக்கத்து வண்டியின் பின்பக்கம் இன்னொருவன் பீர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான்.

"அட, எங்க போயிட்ட நீ?" என்றான் வெர்லின்.

ஆர்டிஸ் அவன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவர் கான்சஸ்காரர்" என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான். "நம்ம வண்டிதான் இவர்கிட்டயும் இருக்கு. அதே வருஷத்து மாடல்."

"எப்ப இடம் கிடைச்சுது?"

"அப்பவே. நீ இறங்கி ரெண்டு நிமிஷத்துல ஒருத்தன் கிளம்பினான். நிழலு வேற."

"நான் அங்க நின்னுட்டிருந்தேன், வெர்லின். அரை மணி நேரமா."

"நீயா தேடிட்டு வந்துடுவேன்னு நெனச்சேன்." சாண்ட்விச்சைக் கடித்தான். ஊறுகாய் வெள்ளரி வைத்தது அது. ஆர்டிஸ் தனக்காகத் தனியாகச் செய்து, தாளில் தன் பெயர் எழுதிச் சுற்றிவைத்தது.

கான்சஸ்காரன் நிலைமையைச் சமாளிக்கிறவன்போல, "பொம்பளைங்கள இடம் புடிக்க அனுப்புறது நல்ல யோசனை சார். யாரும் இடிக்க மாட்டாங்க" என்றான். வெர்லின் சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் வரிசையின் அந்தக் கோடியில் பச்சைக் கார் திரும்புவதை ஆர்டிஸ் பார்த்தாள். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். நடந்து போகிற ஆளைவிட மெதுவாக வந்தது.

"சாவி குடு" என்றாள்.

"எதுக்கு?"

"குடு."

தொப்பியோ தைலமோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்து அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஆர்டிஸ் பின்கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு பாதை நடுவே போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். பச்சைக் கார் நின்றது.

"இங்கேயே இருங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நான் வண்டிய எடுக்கறேன். எடுத்ததும் உள்ள வந்துடுங்க. வேற யாரையும் விட்டுடாதீங்க."

அந்தப் பெண் தயங்கினாள். "உங்க வீட்டுக்காரர்?"

"அவருக்கு நாற்காலி இருக்கு."

வெர்லின் சாண்ட்விச்சும் கையுமாக எழுந்து வந்தான். "ஆர்டிஸ், என்ன பண்ற?"

"இடத்தைக் காலி பண்றேன்."

"அப்ப நான்?"

"பஸ் இருக்கு. இலவசமாம்."

கான்சஸ்காரன் பீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். ஆர்டிஸ் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் திருப்பி, வண்டியை வெளியே எடுத்தாள்.

பார்க்கிங்குக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் போனால் வாசல். வலப்பக்கம் போனால் மலை உச்சிச் சாலை. "மலை ரோடெல்லாம் உனக்குச் சரிப்படாது" என்பது வெர்லினின் வழக்கமான பேச்சு. அவள் ஓட்டியதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும்தான். அவர்கள் ஊரில் சாலை மேசை மாதிரி கிடக்கும். அவள் வலப்பக்கம் திருப்பினாள்.

மரங்கள் இருக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. மரங்கள் முடிந்தபிறகு சாலையின் ஓரத்தில் தடுப்புச் சுவர்கூட இல்லை. அந்தப் பக்கம் வெறும் வானம். கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கிற்று. வண்டிக்குள் யாரும் இல்லாததால் அவள் சத்தமாகத் திட்டினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் கொதிக்கிற அண்டா கவிழ்ந்தால்கூட சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொன்னாள். அப்பத்தைத் திட்டினாள். பெல்ட்டைத் திட்டினாள். கறுப்பு டிரக்கையும், சிரித்த அவன் பெண்டாட்டியையும் திட்டினாள். பின்னால் எட்டு வண்டி சேர்ந்து ஒருத்தன் ஹாரன் அடித்ததும், ஓரத்தில் ஒதுக்கி எல்லாரையும் போகவிட்டு, அவர்களையும் திட்டினாள்.

அப்படி ஒதுங்கி நின்றபோதுதான், அதுவரை ஒளிந்திருந்த ஒன்று மேலே வந்தது. அந்தப் பெண்ணிடம் இல்லை என்று சொன்னது வெர்லினின் வாய் இல்லை. அவள் வாய்தான். அவர் இப்ப வந்துடுவார். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள் இதை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்து சாப்பாடு ஆறக் காத்திருந்தவர்களிடம். பள்ளி நாடகத்தில் தேவதை வேஷம் போட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து எட்டியெட்டிப் பார்த்த மகளிடம். ஆஸ்பத்திரியில் மாமியார் சாகக் கிடந்தபோது, கையெழுத்துக்கு நின்ற டாக்டரிடம். கேட்கிறவர்கள் கேட்குமுன்பே சொல்லிவிடுவாள், அவ்வளவு பழக்கம். இன்றைக்கு நோயாளி ஒருவரை அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதுவும் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

ஸ்டியரிங்கைக் கையால் ஓங்கி அடித்தாள். வலித்தது. இன்னொரு தடவை அடித்தாள்.

உச்சியில் ஒரு கடையும் சிற்றுண்டிச் சாலையும் இருந்தன. ஜூலையிலும் பனி ஒரு சரிவு முழுக்கக் கிடந்தது. அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைகள் அதை உருட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குப் பசி காதை அடைத்தது. வரிசையில் நின்றாள்.

"எத்தனை பேருங்க?" என்றாள் பரிமாறியவள்.

"ஒருத்திதான்."

ஒரு கிண்ணம் பீன்ஸ் போட்ட காரக் குழம்பு வாங்கிக்கொண்டு வெளியே காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மலைதான், ஒன்றன் பின் ஒன்றாக, கடைசியில் நீலமாகிக் கரைந்துபோகிற வரை. அழகாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தூரத்தில் முப்பத்திநாலு வருஷமாக இது இங்கே இருந்திருக்கிறது. மூன்று மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழே பஸ் நிற்கிற பெரிய பார்க்கிங்குக்கு வந்தபோது நாலரை. பஸ் நிறுத்தத்து நிழற்கூரைக்கு வெளியே, வெயிலில், மடக்கு நாற்காலியில் வெர்லின் உட்கார்ந்திருந்தான். மடியில் ஐஸ் பெட்டி. மூக்கும் காதும் சிவந்து தோல் உரியத் தயாராக இருந்தன. வண்டியைப் பார்த்ததும் எழுந்து, சாமான்களைப் பின்னால் வைத்துவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவருகில் வந்து நின்றான். ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கினாள். இறங்கவில்லை.

"மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன்" என்றான்.

"தெரியும்."

"அத்தனை பேர் முன்னால என்னை விட்டுட்டுப் போன."

"என்னை நட்டு வெச்சுட்டுப் போனியே, அங்கயும் ஆளுங்க இருந்தாங்க."

"மூணு வரிசை தள்ளித்தானே இருந்தேன், ஆர்டிஸ்."

"மூணு வரிசை. அதை நடந்து வந்து சொல்ல முடியலையா உனக்கு?"

அவன் செருப்பால் சரளைக்கல்லைத் தேய்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அது ஒன்றுதான் அவனிடம் எப்போதும் இருந்தது. "சாப்பிட்டுட்டு வரலாம்னு இருந்தேன்" என்றான்.

ஆர்டிஸ் எதிரே இருந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உயரத்தில் மயங்கி விழுந்திருப்பானோ என்று பயந்து தேடிப் போனாளே, அது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டாள்.

"அந்தக் குல்லாக்காரர் ஏரி வரைக்கும் போனார்" என்றான் வெர்லின். "பாதியில மூச்சு வாங்கிச்சு. நான்தான் நாற்காலியக் கொண்டுபோய்ப் போட்டேன். ரெண்டு தடவை உக்காந்து உக்காந்து போனார். பேரு ராண்டல். நல்ல மனுஷன்."

"நல்லது பண்ணின."

"அதான் சொல்றேன்."

"நல்லது பண்ணினதுக்காக என் கோபம் போயிடும்னு நெனக்காத."

"ஏரியப் பாத்தேன்" என்றான்.

"எப்படி இருந்துச்சு?"

"தண்ணி. சுத்தி மலை. ஒரே கூட்டம்."

அவள் ஒரு கணம் சிரித்துவிடப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது: வரவே மாட்டேன் என்றவன் ஏரியைப் பார்த்துவிட்டான். இரண்டரை மாதம் சீட்டை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கமா ஏறு" என்றாள்.

"நான் ஓட்டறேன். நீ களைச்சிருப்ப."

"ஏறு, வெர்லின். இல்லாட்டி பஸ் நிக்குது."

அவன் சுற்றிப்போய் மறுபக்கம் ஏறினான். விடுதி வரும் வரை ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டான். வண்டியை நிறுத்தியபிறகு ஆர்டிஸ் சொன்னாள்: "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நான் ஏரிக்குப் போறேன். அந்நேரத்துக்குச் சீட்டு வேண்டாமாம், விசாரிச்சுட்டேன்."

"அஞ்சு மணிக்கா? உணவகம் ஆறரைக்குத்தானே திறக்கும்."

"நீ மெதுவா சாப்பிடு. நான் ஒம்பதுக்கு வந்துடுவேன்."

மறுநாள் அவள் தனியாகப் போனாள். ஏரிக்கரைப் பார்க்கிங்கில் ஐந்தாறு வண்டிதான் நின்றது. இருநூறு அடி நடந்தால் தண்ணீர். ஆடாமல் அசையாமல், மலை முழுவதையும் தலைகீழாக வைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பெண்மான் முட்டி வரை இறங்கி நின்று குடித்தது. ஆர்டிஸ் கரையைச் சுற்றி நடந்தாள். அது முடிந்ததும் மேலே போகிற பாதையில் இன்னொரு ஏரி இருப்பதாக யாரோ சொன்னார்கள், அதற்கும் நடந்தாள். மூச்சு வாங்கியபோதெல்லாம் பாறையில் உட்கார்ந்தாள். உள்ளே கோபம் ஆறிப்போனதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். ஆறவில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது.

விடுதிக்குத் திரும்பியபோது பதினொன்று இருபது. அறையைக் காலி செய்யச் சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெட்டிகளோடு வாசல் படியில் வெர்லின் உட்கார்ந்திருந்தான்.

"ஒம்பதுன்னு சொன்ன" என்றான்.

"ஆமா, சொன்னேன்" என்றாள் ஆர்டிஸ். பெட்டிகளை ஏற்றுவதற்குப் பின்கதவைத் திறந்துவிட்டு, மறுபடி ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு நானூற்றைம்பது மைல் இருந்தது.